‘இல்லை’ என்றதும் புரண்டு அழுகிறான்: என்ன செய்வது?

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது. கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். நான் ஈரோட்டில் மாமனார், மாமியாருடன் இருக்கிறேன். பிளே ஸ்கூல் விட்டு வரும் வழியில் முனைக் கடையில் தினமும் சாக்லேட் கேட்கிறான். வாங்கித் தராவிட்டால் கடை வாசலிலேயே படுத்துப் புரள்கிறான். போனை வாங்கி வைத்தால் தலையைத் தரையில் முட்டிக்கொள்கிறான். பலூன் வெடித்தால்கூட அழுகை ஓய வெகுநேரம் ஆகிறது. போன மாதம் அழுது அழுது மூச்சு அடங்கி, உதடு நீலமாகிவிட்டது. அன்றிலிருந்து மாமியார், “புள்ளைய அழ விடாத, கேட்டதைக் குடுத்துரு” என்கிறார். இரண்டு முறை அடித்தும் விட்டேன். அதை நினைத்தால் எனக்கே அழுகை வருகிறது. செல்லம் கொடுத்துக் கெடுக்கிறேனா, கண்டித்துக் கெடுக்கிறேனா?

பதில்:

முதலில் மூச்சு அடங்கியதைப் பேசிவிடுவோம். உங்கள் வீட்டில் மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான் நடக்கிறது.

ஆறு மாதத்திலிருந்து ஆறு வயது வரை சில குழந்தைகளுக்கு இப்படி வருவதுண்டு. வீறிட்டு அழும்போது மூச்சு முழுவதும் வெளியே போய்விடும், உள்ளே இழுப்பது சில நொடிகள் நின்றுவிடும். உதடு நீலமாகும். உடம்பு விறைக்கும் அல்லது துவண்டுவிடும், சில நேரம் நினைவும் தப்பும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு தானாகவே திரும்பிவிடும். குழந்தை இதை வேண்டுமென்று செய்வதில்லை, இது அனிச்சையாக நடப்பது. பார்ப்பவர்களுக்கு உயிரே போவதுபோல் இருந்தாலும் மூளையை இது பாதிப்பதில்லை.

ஆனாலும் முதல் முறை வந்தால் குழந்தைகள் நல மருத்துவரிடம் கட்டாயம் காட்ட வேண்டும். நீங்கள் இன்னும் காட்டவில்லை என்றால் இந்த வாரமே போங்கள். வலிப்பு, இதயத்துடிப்புக் கோளாறு போன்றவை இல்லை என்று அவர் உறுதி செய்துகொள்வார். ஹீமோகுளோபினும் இரும்புச்சத்தும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரும்புச்சத்து குறைந்த குழந்தைகளுக்கு இப்படி மூச்சு அடங்குவது அதிகம், குறைவைச் சரிசெய்தால் பலருக்கு இது வெகுவாகக் குறைகிறது. டானிக்கை நீங்களாக வாங்கி ஊற்ற வேண்டாம். அளவை எடை பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மறுபடி வந்தால்: தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பக்கத்தில் கூர்மையான பொருள் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிடித்துக் குலுக்காதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரலை விடாதீர்கள், கையில் இரும்புச் சாவி கொடுக்கத் தேவையில்லை. கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு நிமிடம் தாண்டியும் மூச்சோ நினைவோ திரும்பாவிட்டால் 108.

இதை முதலில் எழுதக் காரணம் இருக்கிறது. உங்கள் மாமியாரைச் சாக்லேட் கொடுக்க வைப்பது செல்லம் இல்லை, பயம். “அழுதால் போய்விடுவானோ” என்று நடுங்கும் ஒருவரிடம் ‘இடம் கொடுக்காதீர்கள்’ என்று சொல்லிப் பயனில்லை. மருத்துவரிடம் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். “அழுதால் ஆபத்தில்லை” என்பதை அவர் காதால், மருத்துவர் வாயால் கேட்கட்டும்.

இனி அழுகைக்கு வருவோம். அழுகையை நிறுத்துவதுதான் உங்கள் வேலை என்று எல்லோருமாகச் சேர்ந்து உங்களை நம்பவைத்திருக்கிறார்கள். அது உங்கள் வேலை இல்லை. சொன்ன சொல்லில் நிற்பது உங்கள் வேலை. அதைக் கேட்டு அழுவது மூன்றரை வயதின் இயல்பு. அழும்போது பக்கத்தில் இருப்பது மறுபடியும் உங்கள் வேலை. செல்லமா கண்டிப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் அதே நிமிடத்தில் வேண்டும்: சாக்லேட் கிடையாது, மடி உண்டு.

இப்போது என்ன நடக்கிறது? நான்கு நாள் மறுக்கிறீர்கள். ஐந்தாம் நாள் கடையில் நாலு பேர் பார்க்கிறார்கள், கையில் பை, வெயில். வாங்கிக் கொடுத்துவிடுகிறீர்கள். தினமும் கொடுத்தால்கூட இவ்வளவு அழ மாட்டான். எப்போதாவது ஒருநாள் கிடைக்கும் என்பதுதான் அழுகையை நீட்டுகிறது. அஞ்சு நிமிடத்தில் கிடைக்காதது பதினைந்து நிமிடத்தில் கிடைத்தது என்பதை அவன் கணக்கு போட்டுப் பார்ப்பதில்லை, ஆனால் உடம்பு கற்றுக்கொள்கிறது. அதனால் ஒரு விதி: கொடுப்பதாக இருந்தால் அழத் தொடங்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். ‘இல்லை’ என்று சொல்லிவிட்டால் பிறகு மாற்றாதீர்கள். முடிவெடுக்க நேரம் வேண்டுமென்றால், “இரு, அம்மா யோசிக்கிறேன்” என்று பத்து நொடி எடுத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் சொல்லிவிட்டு அப்புறம் பின்வாங்கும் ‘இல்லை’கள் இதனாலேயே பாதியாகக் குறையும்.

ஒன்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் உறுதியாக நிற்கத் தொடங்கிய முதல் சில நாள்கள் அழுகை கூடும். பழைய வழி வேலை செய்யவில்லை என்றதும் அவன் இன்னும் பலமாக அதையே முயன்று பார்ப்பான். இங்கேதான் பல வீடுகளில் “இதெல்லாம் நம்ம பிள்ளைக்கு ஒத்துவராது” என்று கைவிடுகிறார்கள். அந்த நாளில் விட்டுக்கொடுத்தால், இதுவரை இல்லாத அளவு அழுதால்தான் கிடைக்கும் என்று பழகிவிடும். அதனால் வீட்டில் திருவிழா, உறவினர் கூட்டம், காய்ச்சல் எதுவும் இல்லாத வாரமாகப் பார்த்துத் தொடங்குங்கள்.

கடை விஷயம் கடையில் தொடங்குவதில்லை, பசியில் தொடங்குகிறது. அமெரிக்காவில் ஃபுளோரன்ஸ் குட்இனஃப் என்பவர் 1931-ல், தாய்மார்கள் தினமும் எழுதிய குறிப்புகளை வைத்துச் சிறு குழந்தைகளின் கோபத்தை ஆராய்ந்தார். சாப்பாட்டு வேளைக்கு முன்பும், தூங்கும் நேரத்திலும், உடம்பு சரியில்லாதபோதும்தான் கோபம் அதிகம் வெடித்தது. உங்கள் மகன் கடை வாசலுக்கு வருவது பசியும் களைப்பும் சேர்ந்த வேளையில். பள்ளி வாசலிலேயே ஒரு வாழைப்பழமும் நாலு மடக்குத் தண்ணீரும் கொடுங்கள். முடிந்தால் முதல் இரண்டு வாரம் வேறு தெரு வழியாக வாருங்கள். அது கோழைத்தனம் ஆகாது. நீச்சல் பழகும் பிள்ளையை யாரும் முதல் நாளே ஆற்றின் சுழலில் இறக்கிவிடுவதில்லை.

பிறகு கடைக்குப் போகும் நாளில், வீட்டு வாசலில் செருப்பு மாட்டும்போதே சொல்லுங்கள்: “பாலும் கொத்தமல்லியும் வாங்கப் போறோம். சாக்லேட் சனிக்கிழமை.” ‘சனிக்கிழமை’ என்பது அந்த வயதில் வெறும் ஓசை, கண்ணுக்குத் தெரிய வேண்டும். தினசரி காலண்டர் தாளைக் கிழிக்கும் வேலையை அவனிடம் கொடுங்கள். சனிக்கிழமைத் தாளில் முன்பே ஒரு சாக்லேட் படம் வரைந்து வையுங்கள். தினம் ஒரு தாள் கிழித்துக் கிழித்துப் படம் வந்து சேரும். வந்த அன்று மறக்காமல் வாங்கிக் கொடுங்கள், முந்தின நாள் அவன் எவ்வளவு படுத்தியிருந்தாலும். அதைத் தண்டனையாகப் பறித்தால் காலண்டர் மறுபடி வெறும் காகிதம்தான். கடையில் அவனுக்கும் ஒரு வேலை வேண்டும். கொத்தமல்லிக் கட்டைத் தேர்ந்தெடுப்பது, காசை நீட்டுவது, மீதி வாங்குவது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருநாள் புரளுவான். அப்போது:

ரோட்டோரம் என்றால் பேச்சே வேண்டாம், தூக்கிவிடுங்கள். அவன் முதுகு உங்கள் நெஞ்சில் படும்படி தூக்கினால் உதை உங்கள் மேல் விழாது. வண்டி வராத இடமாகப் பார்த்து இறக்கி, அவன் கண் உயரத்துக்குக் குத்துக்காலிட்டு உட்காருங்கள். இரண்டே வாக்கியம்: “உனக்கு சாக்லேட் வேணும், கோவமா இருக்கு. இன்னைக்குக் கிடையாது.” அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பல்லில் பூச்சி வரும், நேற்றுதானே தின்றாய், பார் அந்தத் தம்பி அழுகிறானா என்று விளக்கப் போனால், ஒவ்வொரு வாக்கியமும் அவனுக்குப் பேரம் பேச ஒரு கதவு.

ஏன் இரண்டே வாக்கியம் என்பதற்கு நல்ல காரணம் உண்டு. மைக்கேல் போட்டிகல், ரிச்சர்ட் டேவிட்சன் ஆகிய உளவியல் ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அடம்பிடிக்கும்போது கோபமும் துக்கமும் கலந்தே இருக்கின்றன. கத்துவது, உதைப்பது போன்ற கோபம் தொடக்கத்தில் உச்சத்துக்குப் போய் இறங்கிவிடுகிறது. துக்கம் கடைசிவரை ஓடுகிறது. பெரும்பாலும் அடம் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. கோபம் உச்சத்தில் இருக்கும்போது நாம் பேசும் எதுவும் எண்ணெய் ஊற்றுவதுதான். குரல் கத்தலிலிருந்து தேம்பலுக்கு இறங்கும் அந்த இடத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். தோள் தளரும், உங்கள் பக்கம் பார்ப்பான் அல்லது புடவைத் தலைப்பைப் பிடிப்பான். அப்போதுதான் கையை நீட்ட வேண்டும். அதற்கு முன் அணைக்கப் போனால் தள்ளிவிடுவான், அதைப் பார்த்து நீங்கள் மனம் உடைந்து போகாதீர்கள்.

தலையை முட்டினால் திட்டவும் வேண்டாம், பதறவும் வேண்டாம். தலைக்கும் தரைக்கும் நடுவில் உங்கள் உள்ளங்கையையோ தலையணையையோ வையுங்கள், அல்லது பாய்க்கு நகர்த்துங்கள். உங்களை அடித்தால் மணிக்கட்டை இறுக்காமல் பிடித்து, “அடிக்க விடமாட்டேன்.” தேம்பல் ஓய்ந்ததும் முகம் துடைத்து, தண்ணீர் கொடுத்து, அடுத்த வேலைக்குப் போங்கள். “இனிமே இப்படிப் பண்ணுவியா?” என்ற விசாரணை வேண்டாம். “ஆம்பளப் புள்ள அழலாமா?” வேண்டவே வேண்டாம்.

அடித்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அடித்தால் அழுகை நிற்கலாம், பயத்தில் நிற்கும். அவன் எடுத்துக்கொள்வது, கோபம் வந்தால் கை ஓங்கலாம் என்பதை. இன்னொரு சிக்கலும் உண்டு: அடித்த குற்ற உணர்ச்சியில் அரைமணி கழித்துச் சாக்லேட் வாங்கிக் கொடுப்போம். இனி கை ஓங்குகிறது என்று தோன்றினால், அவன் பத்திரமான இடத்தில் இருக்கிறானா என்று பார்த்துவிட்டு, அவன் கண்ணில் படும் தூரத்திலேயே நாலடி தள்ளிப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். அதையும் மீறி அடித்துவிட்டால், “அம்மா அடிச்சது தப்பு. சாரி” என்று நேராகச் சொல்லுங்கள். முடிவை மட்டும் மாற்றாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ சொன்னால் எந்த ‘இல்லை’க்கும் மதிப்பிருக்காது. மாறாத விதிகள் நாலைந்து போதும்: யாரையும் அடிக்கக் கூடாது, ரோட்டில் கை விடக் கூடாது, அடுப்பும் பிளக்கும் தொடக் கூடாது, சாக்லேட்டுக்கு ஒரு நாள், போனுக்கு ஒரு நேரம். எந்தச் சட்டை, எந்தத் தட்டு என்பதெல்லாம் அவன் இஷ்டம். கேள்வி கேட்கும் பழக்கத்தையும் கவனியுங்கள். “தூங்கப் போலாமா?” என்று கேட்டால் “வேணாம்” என்பது நியாயமான பதில். அதற்குப் பிறகு இழுத்துப் போனால் அவனுக்குக் கோபம் வரத்தான் செய்யும். “தூங்கப் போறோம். நடந்து வர்றியா, தூக்கிட்டுப் போகவா?” என்று அவன் தேர்ந்தெடுக்க உண்மையிலேயே இடமுள்ளதை மட்டும் கேளுங்கள்.

போனுக்கு, உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன அளவு: மூன்று, நான்கு வயதில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல், குறைவாக இருந்தால் நல்லது. “இன்னும் ரெண்டு நிமிஷம்தான்” என்ற எச்சரிக்கை உதவும் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அலெக்சிஸ் ஹினிக்கர் குழுவினர் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு நிமிட எச்சரிக்கை கொடுத்தபோது சிறு குழந்தைகள் இன்னும் அதிகமாகத்தான் முரண்டு பிடித்தார்கள். வீடியோ தானாக முடியும் இடத்தில் நிறுத்தியபோது சிரமம் குறைந்தது. ஆகவே அடுத்த வீடியோ தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். பத்து நிமிட வீடியோ இரண்டு என்று முன்பே எடுத்துவைத்து, முடிந்ததும் போன் அவன் பார்வையில் படாத இடத்துக்குப் போகட்டும். முடிந்த கையோடு குளியல், மாடிக்குப் போவது என உடம்பு அசையும் வேலை ஒன்று தயாராக இருக்க வேண்டும். அழுகையை அடக்கப் போனைக் கொடுப்பதை மட்டும் முற்றிலும் நிறுத்துங்கள்.

நம் வீடுகளில் ‘இல்லை’ சொல்லத் தயங்கிப் பொய் சொல்லும் வழக்கம் ஒன்று இருக்கிறது. “காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சு”, “போன்ல சார்ஜ் இல்ல”, “கடைக்காரர் திட்டுவார்”, “பூச்சாண்டி வருவான்.” அந்த நேரத்துக்கு வேலை செய்யும். மாலையில் பிரிட்ஜைத் திறந்தால் காக்கா தூக்கிப்போன சாக்லேட் கதவோரத்தில் இருக்கும். அதற்குப் பிறகு நீங்கள் உண்மையாகவே ‘தீர்ந்துவிட்டது’ என்றாலும் அவன் நம்ப வேண்டியதில்லை. 2013-ல் செலஸ்ட் கிட் என்ற உளவியல் ஆய்வாளரின் குழு நடத்திய ஒரு சோதனை வெளியானது. மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளிடம் ஒரு மிட்டாயைக் கொடுத்து, காத்திருந்தால் இரண்டு கிடைக்கும் என்றார்கள். அதற்கு முன் ‘நல்ல கிரேயான் கொண்டுவருகிறேன்’ என்று சொல்லிவிட்டு ஏமாற்றிய பெரியவரிடம் குழந்தைகள் சராசரியாக மூன்று நிமிடம்தான் காத்திருந்தார்கள். சொன்னபடி கொண்டுவந்தவரிடம் பன்னிரண்டு நிமிடம். பொறுமை என்பது குழந்தையின் குணம் மட்டும் இல்லை, எதிரே நிற்கும் பெரியவரின் நாணயமும் அதில் பாதி.

இதை உங்கள் கணவருக்கும் படித்துக் காட்டுங்கள். தூரத்தில் இருக்கும் அப்பாக்கள் வீடியோ காலில் “அழாத, அடுத்த தடவை ரிமோட் கார்” என்று சொல்லிவிடுவார்கள், பாசத்தில்தான். எப்போது வருவோம் என்றே தெரியாத பயணத்துக்கு அப்படி எதுவும் சொல்ல வேண்டாம். “ராத்திரி சாப்பிட்டதும் கூப்பிடுவேன், யானை கதை சொல்வேன்” போதும். சொன்ன நேரத்துக்குக் கூப்பிட வேண்டும்.

மாமியாரிடம் குழந்தை எதிரில் வாதாடாதீர்கள். அவன் தூங்கிய பிறகு, “அத்தை, உங்க மடியிலதான் சீக்கிரம் அடங்குறான். சாக்லேட் குடுக்காம மடியை மட்டும் குடுங்க, சனிக்கிழமை நீங்களே உங்க கையால குடுங்க” என்று கேளுங்கள். அழும் பேரனை அணைக்க வேண்டும் என்ற அவர் மனசு முழுக்கச் சரி. அம்மா மறுத்ததைப் பாட்டி அழுகைக்கு நடுவில் தருவதுதான் சிக்கல். அவர் சொல்ல ஒரு வாக்கியம் தயாராக இருக்கட்டும்: “அம்மா சொன்னதுதான் கண்ணு. வா, பாட்டிகிட்ட உக்காரு.” மற்றபடி பாட்டியிடம் ஒரு தோசை அதிகம், தாத்தாவிடம் ஒரு ரவுண்டு அதிகம் என்பதெல்லாம் இருக்கட்டும். ஆளுக்கு ஆள் விதி கொஞ்சம் மாறும் என்பது மூன்றரை வயதுக்குப் புரியும்.

பலூன் வேறு மாதிரி. அங்கே யாரும் மறுக்கவில்லை, ஒன்று போய்விட்டது. முதலில் வெடித்த துண்டுகளைப் பொறுக்கி எடுங்கள். வாயில் போட்டால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும், எட்டு வயது வரை இது உண்மையான ஆபத்து. பிறகு, “அதுக்கென்ன, வேற வாங்கலாம்” என்று ஓடாதீர்கள். அவனுக்கு வேண்டியது அந்தச் சிவப்பு பலூன். “சிவப்பு பலூன் போச்சு. ரொம்பப் பிடிச்சிருந்துச்சு இல்ல?” என்று சொல்லி அழ விடுங்கள். அடங்கும்போது, “இந்த வீடு அளவுக்குப் பெரிய பலூன் இருந்தா எங்க கட்டி வைப்போம்?” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மாடியில் கட்டச் சொல்வான். வாங்கித் தராமலே ஆசைக்கு இடம் கொடுக்க இது நல்ல வழி. உங்கள் ஏமாற்றங்களையும் அவன் காதுபடச் சொல்லுங்கள்: “பால் பொங்கிடுச்சே, எனக்குச் சங்கடமா இருக்கு. சரி, துடைச்சிட்டு மறுபடி வைப்போம்.”

காத்திருக்கப் பழக்குவது அழுகை இல்லாத நேரத்தில் நடக்க வேண்டும். பத்து நொடியில் தொடங்குங்கள். “இரு, கையைத் துடைச்சிட்டு வர்றேன்” என்றால் உடனே வந்துவிட வேண்டும். மெல்ல மெல்ல அரை நிமிடம், ஒரு நிமிடம். ‘அஞ்சு நிமிஷம்’ புரியாது. “குக்கர் மூணு விசில் வந்ததும்” புரியும், விரல் விட்டு எண்ணுவான். ஊஞ்சலில் ஆளுக்குப் பத்து ஆட்டம். நான்கு வயதுக்கு மேல் பரமபதம் ஆடுங்கள். எப்போதும் அவனையே ஜெயிக்கவிட வேண்டாம், எப்போதும் தோற்கடிக்கவும் வேண்டாம். உங்களைப் பாம்பு கொத்தும்போது, “அடடா! சரி, அடுத்த தடவை ஏணி” என்று நீங்கள் இறங்கும் விதத்தை அவன் பார்க்க வேண்டும்.

ஒரு நோட்டில் மூன்று வாரம் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்கு, எதற்கு, எவ்வளவு நேரம், யார் கொடுத்தார்கள், மூச்சு அடங்கியதா. அடிக்கடி இருபத்தைந்து நிமிடம் தாண்டினாலோ, பெரும்பாலான நாள்களில் பல முறை வந்தாலோ, தனக்கோ பிறருக்கோ காயம் ஏற்படுத்தினாலோ, இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசாவிட்டாலோ, முன்பு பேசிய சொற்களை விட்டுவிட்டாலோ குழந்தை வளர்ச்சி நிபுணரிடம் காட்டுங்கள். தனியாரிடம் போக முடியாவிட்டால், உங்கள் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் அல்லது மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆரம்பநிலை இடையீட்டு மையம், அதாவது டி.இ.ஐ.சி., எங்கே என்று கேளுங்கள். அங்கே கட்டணம் கிடையாது. போகும்போது நோட்டை எடுத்துப் போங்கள். மூச்சு அடங்குவதை வீட்டில் வேறு யாராவது போனில் வீடியோ எடுக்க முடிந்தால் அதையும் காட்டுங்கள். அரை நிமிட வீடியோ, நாம் வாயால் சொல்வதைவிட மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.